பறக்கக் கூடாத கார்

1965 நவம்பர் 12. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள போன்வில் உப்புச் சமவெளியில், சம்மர்ஸ் சகோதரர்கள் கட்டிய ‘கோல்டன்ராட்’ என்ற கார் மணிக்கு 658 கி.மீ. வேகத்தில் ஓடிச் சாதனை படைத்தது. வரிசையாக நான்கு கிரைஸ்லர் எஞ்சின்கள், நான்கு சக்கரங்களுக்கும் உந்துவிசை, உள்ளிருக்கும் எஞ்சினை மூடும் அளவுக்கு மட்டுமே அகலமான உடல். பிஸ்டன் எஞ்சினை வைத்துக்கொண்டு இதற்கு மேல் என்ன செய்துவிட முடியும் என்று கேட்க வைத்த வண்டி அது. மூன்றே நாளில், நவம்பர் 15 அன்று, அதே உப்பின் மேல் கிரெய்க் பிரீட்லவ் தன் ‘ஸ்பிரிட் ஆஃப் அமெரிக்கா’ காரை ஓட்டினார். அவர் தொட்ட வேகம் 966 கி.மீ.

ஒரே தரை, ஒரே வாரம், 300 கி.மீ. இடைவெளி. காரணம், கோல்டன்ராட் தன் சக்கரங்களால் தரையைத் தள்ளி முன்னேறியது. பிரீட்லவின் காரில் இருந்ததோ போர் விமானத்துக்கான ஜெட் எஞ்சின். அது காற்றைப் பின்னால் பீய்ச்சியடித்து வண்டியை முன்னே தள்ளியது. சக்கரங்கள் சும்மா உருண்டால் போதும்.

வேகச் சாதனைக் கார் என்றதும் ராட்சத எஞ்சின்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் அந்த 1965-க்குப் பிறகு எஞ்சின் பெரிய சிக்கலாக இருந்ததில்லை. பழைய போர் விமானத்திலிருந்து ஒன்றைக் கழற்றிக்கொள்ளலாம். அதைப் பூட்டிய வண்டியைத் தரையை விட்டு எழாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்தப் பொறியியலின் முழுத் தலைவலியும்.

ஒரு மணி நேரக் கெடு

சர்வதேச மோட்டார் வாகனக் கூட்டமைப்பின் விதிகள் கேட்பதற்கு எளிமையானவை. வண்டிக்குக் குறைந்தது நான்கு சக்கரங்கள் இருக்க வேண்டும். ஓட்டுநர் உள்ளே அமர்ந்து ஓட்ட வேண்டும். அளந்து குறித்த ஒரு கிலோமீட்டரையோ ஒரு மைலையோ எவ்வளவு நேரத்தில் கடக்கிறது என்பதுதான் கணக்கு. ஓடுபாதையின் தொடக்கத்திலிருந்து வேகம் எடுத்துக்கொண்டு வரலாம். பிறகு ஒரு மணி நேரத்துக்குள் எதிர்த் திசையிலும் அதே தூரத்தை ஓட வேண்டும். இரண்டின் சராசரிதான் சாதனை. பின்காற்றும் தரைச் சரிவும் ஒரு பக்கம் தரும் ஆதாயத்தை மறுபக்கம் பிடுங்கிக்கொள்ளத்தான் இந்த ஏற்பாடு.

இந்தக் கடைசி விதி வடிவமைப்பையே மாற்றிவிடுகிறது. ஒரே ஓட்டத்தில் உயிரைக் கொடுத்து ஓடி நின்றுவிடும் வண்டி உதவாது. நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், எரிபொருள் நிரப்ப வேண்டும், பிரேக் பாராசூட்டை மாற்ற வேண்டும், சக்கரத்தைச் சோதிக்க வேண்டும். அத்தனையும் முடித்து இரண்டாவது ஓட்டமும் அந்த 60 நிமிடத்துக்குள் அடங்க வேண்டும்.

பேட்டரியில் தொடங்கிய ஓட்டம்

முதல் சாதனைகள் மின்சாரக் கார்களுடையவை என்பது இன்று பலருக்கு வியப்பாக இருக்கலாம். 1898 டிசம்பரில் பாரிஸுக்கு அருகே அஷேரில், கவுண்ட் காஸ்டன் த ஷாஸ்லூ-லோபா தன் மின்சாரக் காரில் 63 கி.மீ. வேகத்தைத் தொட்டார். அடுத்த ஆண்டே பெல்ஜியத்தைச் சேர்ந்த காமீய் ஜெனட்ஸி ‘லா ஜமே கோந்தாந்த்’ என்ற காரில் 105.88 கி.மீ. ஓடி, மணிக்கு 100 கி.மீ. எல்லையை முதன்முதலாகத் தாண்டினார். அந்தக் காரின் படத்தைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். உடல் டார்பிடோ குண்டின் வடிவம். காற்றைக் கிழித்துப் போக வேண்டும் என்ற யோசனை அப்போதே வந்துவிட்டது. ஆனால் அந்த அழகிய குண்டுக்கு மேலே இடுப்பளவு வெளியே தெரியும்படி ஓட்டுநர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். கீழே சக்கரங்களும் அச்சும் காற்றில் அப்பட்டமாக நீட்டிக்கொண்டிருக்கும். உடலை வழவழப்பாக்கி மிச்சப்படுத்தியதை மனிதரும் சக்கரமும் சேர்ந்து செலவழித்துவிட்டார்கள்.

அந்தச் செலவு எவ்வளவு வேகமாக ஏறும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அந்த எதிர்ப்பை அந்த வேகத்தில் தள்ளிக்கொண்டு போகத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகும். 100 கி.மீ.யிலிருந்து 400 கி.மீ.க்குப் போக வேண்டும் என்றால் 64 மடங்கு திறன் வேண்டும். பேட்டரி அங்கேயே கை விரித்துவிட்டது. 1906-ல் ஃபிரெட் மாரியட் நீராவிக் காரில் 205 கி.மீ. ஓடினார். அதன் பிறகு பெட்ரோல் விமான எஞ்சின்களின் காலம் வந்தது. 1927-ல் ஹென்றி சீக்ரேவ் 200 மைலையும், 1935-ல் மால்கம் கேம்ப்பெல் 300 மைலையும் தாண்டினார்கள். 1947-ல் ஜான் காப் 634 கி.மீ. சராசரியை எட்டினார்.

இந்த இருபதாண்டுகளில் உயிரைப் பணயம் கேட்டது டயர். வேகமாகச் சுழலும் சக்கரத்தின் விளிம்பில் உள்ள ரப்பர் வெளியே பறக்கத் துடிக்கும். ரப்பர் தடிமனாக இருந்தால் அதன் எடையே அதைப் பிய்த்துவிடும். அதனால் சாதனைக் கார்களின் டயரில் மேல் ரப்பரை மிக மெல்லிய படலமாக மட்டுமே விட்டுவைத்தார்கள். சில ஓட்டங்களில் தேய்ந்துவிடும்; மாற்றித்தான் ஆக வேண்டும். ஆபத்து டயரோடு முடியவும் இல்லை. 1927 மார்ச்சில் வேல்ஸ் நாட்டின் பெண்டைன் கடற்கரையில் பாரி தாமஸ் ‘பேப்ஸ்’ என்ற தன் காரை ஓட்டும்போது விபத்தில் இறந்தார். அந்தக் காரை அங்கேயே மணலில் புதைத்தார்கள். 1969-ல் தோண்டி எடுத்துச் சீர்செய்து மீண்டும் ஓட வைத்தார்கள்.

டயரைச் சமாளித்த பிறகு வந்து நின்றது பிடிமானம். சக்கரம் தரையை எவ்வளவு தள்ளலாம் என்பது வண்டியின் எடையையும் உராய்வையும் பொறுத்தது. உப்புத் தரையில் உராய்வு தார்ச்சாலையைவிடக் குறைவு. எடையைக் கூட்டினால் பிடிமானம் கூடும், முடுக்குவது கடினமாகும். எஞ்சினின் திறனைக் கூட்டினால் ஓரளவுக்கு மேல் சக்கரம் வழுக்கிச் சுழலும். 1964 ஜூலையில் டொனால்டு கேம்ப்பெல் ஆஸ்திரேலியாவின் ஏர் ஏரியில் சக்கரத்தால் உந்தப்படும் காரில் 648 கி.மீ. ஓடியபோதே இந்தச் சுவர் தெரிந்துவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டே பிரீட்லவ் மூன்று சக்கர ஜெட் வண்டியில் அதைவிட வேகமாக ஓடியிருந்தார். அதைக் கார் என்று ஒப்புக்கொள்வதா என்ற சண்டை கொஞ்ச காலம் நடந்தது. கடைசியில் ஜெட்டுக்குக் கதவு திறந்தது. 1970-ல் கேரி கேப்லிக்கின் ராக்கெட் கார் ‘ப்ளூ ஃப்ளேம்’ 1,000 கி.மீ.யைத் தாண்டியது. 1983-ல் ரிச்சர்ட் நோபிள், நெவாடா மாநிலத்தின் பிளாக் ராக் பாலைவனத்தில் ‘திரஸ்ட் 2’ காரை ஓட்டி 1,019 கி.மீ. என்ற சாதனையைப் பிரிட்டனுக்குக் கொண்டுவந்தார். இன்னும் சற்று வேகம் கூடியிருந்தால் அந்தக் காரின் மூக்கு தூக்கியிருக்கும் என்று பின்னால் நோபிளே சொன்னார். அங்கே தொடங்குகிறது அடுத்த அத்தியாயம்.

காற்று என்ன எடை இருக்கும்?

1997-ல் படைக்கப்பட்டு இன்றுவரை நிற்கும் சாதனை 1,228 கி.மீ. வேகம், அதாவது நொடிக்கு 341 மீட்டர். அந்த வேகத்தில் வந்து மோதும் காற்றைத் தடுத்து நிறுத்தினால், ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஆறு டன்னுக்கு மேல் எடை வைத்த அழுத்தம் உண்டாகும். ஒலி வேகத்தில் ஓடும் காரின் மேற்பரப்பு முழுக்க இந்த அளவிலான அழுத்தங்கள்தான் விளையாடுகின்றன. காரை மேலிருந்து பார்த்தால் தெரியும் பரப்பு 30 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மேலே உள்ள அழுத்தத்துக்கும் அடியில் உள்ள அழுத்தத்துக்கும் இடையில் அந்த ஆறு டன்னில் இருபதில் ஒரு பங்கு வித்தியாசம் வந்தால் போதும், வண்டியைத் தூக்கும் விசை ஒன்பது டன்னுக்கு மேல் ஆகிவிடும். அந்தச் சாதனை படைத்த காரின் எடையே கிட்டத்தட்ட அவ்வளவுதான். புயலில் தகரக் கூரை பிய்த்துக்கொண்டு போவது இதே கணக்கால்தான்: உள்ளே இருக்கும் காற்றுக்கும் மேலே விரையும் காற்றுக்கும் அழுத்தம் கொஞ்சம் வேறுபட்டதும் கூரை தன் எடையை மறந்துவிடுகிறது.

அப்படியானால் காற்றே வண்டியை நன்றாகக் கீழே அழுத்தும்படி வடிவமைத்துவிட்டால் ஆயிற்று என்று தோன்றும். அதுவும் ஆகாது. அழுத்தம் கூடினால் சக்கரங்கள் பாலைவனத் தரையை உழுதுகொண்டு போகும், எதிர்ப்பு எகிறும், சஸ்பென்ஷன் முறியும். தூக்கவும் கூடாது, அழுத்தவும் கூடாது. நின்ற இடத்திலிருந்து ஒலி வேகம் வரை, எல்லா வேகத்திலும் சக்கரத்தின் மேல் விழும் பாரம் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்க வேண்டும்.

ஒலி வேகத்தை நெருங்கும்போது இது இன்னும் சிக்கலாகிறது. மெதுவாகப் போகும் வண்டியின் முன்னே காற்றுக்கு ‘வருகிறேன்’ என்று சேதி போய்விடும்; காற்று முன்கூட்டியே விலகி வழிவிடும். அந்தச் சேதி போவதே ஒலியின் வேகத்தில்தான். வண்டி அதே வேகத்தில் வந்தால் சேதி போய்ச் சேர நேரமில்லை. காற்று திடீரென அமுங்கி அதிர்ச்சி அலையாகிறது. காரின் எல்லாப் பகுதியிலும் இது ஒரே நேரத்தில் நடப்பதில்லை. கார் ஒலி வேகத்தைத் தொடும் முன்பே, வளைவான இடங்களில் விரைந்து செல்லும் காற்று அதைத் தாண்டிவிடும். அங்கங்கே அதிர்ச்சி அலைகள் முளைக்கும், நகரும், இடத்துக்கு இடம் மாறும். விமானத்துக்கு இந்த அலைகள் வானத்தில் கலைந்துபோகும். காருக்கோ ஒரு கையளவு தூரத்தில் தரை இருக்கிறது. அடியில் கிளம்பும் அலை தரையில் பட்டுத் திரும்பி வண்டியின் வயிற்றிலேயே அடிக்கும்.

நம்பிக்கைக்கு ஒரு ராக்கெட்

நோபிள் அடுத்து ஒலித் தடையைத் தாண்டும் காரைக் கட்ட நினைத்தபோது, ஏவுகணைகளின் காற்றியக்கத்தில் அனுபவம் வாய்ந்த ரான் ஏயர்ஸிடம் போனார். ஏயர்ஸுக்கு முதலில் அதில் நம்பிக்கை இல்லை. முடியாது என்பதற்குக் காரணம் தேடப் போனவர், கடைசியில் அந்தக் காரின் காற்றியக்க வடிவமைப்பாளர் ஆனார். அந்தக் கார்தான் ‘திரஸ்ட் எஸ்.எஸ்.சி.’

முதல் சிக்கல், இதை எங்கே சோதிப்பது? காற்றுச் சுரங்கத்தில் மாதிரியை வைத்துக் காற்றை வீசினால் தரை அசையாமல் கிடக்கும். உண்மையில் காரின் அடியில் தரை பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கும். குறைந்த வேகத்துக்கு ஓடும் பட்டையை வைத்துச் சமாளிக்கலாம். ஒலி வேகத்தில் ஓடும் பட்டை கிடையாது. எனவே ஏயர்ஸ் இரண்டு வழிகளை ஒன்றுக்கொன்று சாட்சியாக்கினார். ஸ்வான்சி பல்கலைக்கழகத்தில் கணினி மூலம் காற்றோட்டத்தைக் கணக்கிட்டார்கள். இன்னொரு பக்கம், காரின் சிறிய மாதிரியை ராக்கெட் பூட்டிய சறுக்குவண்டியில் பொருத்தி, பெண்டைனில் உள்ள ராணுவச் சோதனைத் தண்டவாளத்தில் ஒலி வேகத்துக்கு மேல் ஓட்டி அழுத்தத்தை அளந்தார்கள். பாரி தாமஸ் மாண்ட அதே பெண்டைன். அளந்ததும் கணக்கிட்டதும் வியக்கும்படி ஒத்துப்போயின. அதற்குப் பிறகுதான் ஒரு மனிதரை உள்ளே உட்கார வைக்கும் துணிவு வந்தது.

கணக்குகள் தந்த வடிவம் விநோதமானது. ஃபாண்டம் போர் விமானத்துக்கான ரோல்ஸ்-ராய்ஸ் ஸ்பே எஞ்சின்கள் இரண்டை ஓட்டுநரின் இருபுறமும் தள்ளித் தள்ளி வைத்தார்கள். எடை முன்பக்கம் குவிய, பின்னால் மெலிந்த உடலும் உயர்ந்த வாலும் வண்டி பக்கவாட்டில் திரும்பாமல் காத்தன. நீளம் 16.5 மீட்டர், எடை சுமார் பத்தரை டன், இரண்டு எஞ்சின்களின் உந்துவிசை சேர்ந்து 22 டன்னுக்கு மேல். அந்த வேகத்தில் அது ஒரு லட்சம் குதிரைத் திறனுக்குச் சமம்.

முன்பக்கம் முழுவதையும் எஞ்சின்கள் அடைத்துக்கொண்டதால் முன் சக்கரங்கள் திரும்ப இடமே இல்லை. ஆகவே பின் சக்கரங்களால் ஸ்டியரிங். பின் சக்கரத்தைத் திருப்பி ஓட்டும் வண்டி நிலையாக நிற்காது என்பது பொதுவான நம்பிக்கை. ஒரு மினி காரைப் பின் சக்கர ஸ்டியரிங்குக்கு மாற்றி ஓட்டிப் பார்த்து, ஓட்ட முடியும் என்று காட்டிய பின்புதான் அதை ஏற்றார்கள். பின்னால் உடல் குறுகியது என்பதால் இரண்டு பின் சக்கரங்களையும் அருகருகே வைக்க முடியவில்லை. ஒன்றை முன்னும் இன்னொன்றைச் சற்றுப் பின்னுமாகப் பொருத்தினார்கள். சக்கரத்தின் மேல் விழும் பாரத்தைக் கணினி ஓயாமல் கவனித்து, வண்டியின் சாய்வை ஒரு டிகிரியின் சிறு பகுதி அளவுக்கு ஏற்றி இறக்கும் சஸ்பென்ஷனையும் வைத்தார்கள்.

ஓட்டியவர் ஆண்டி கிரீன், பிரிட்டிஷ் விமானப் படையின் போர் விமானி, ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் படித்தவர். ஒலி வேகத்தை நெருங்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. இடமும் வலமும் அதிர்ச்சி அலைகள் ஒரே கணத்தில் உருவாகாததன் விளைவு. நேராகப் போவதற்கே அவர் ஸ்டியரிங்கைக் கிட்டத்தட்ட 90 டிகிரி திருப்பிப் பிடிக்க வேண்டியிருந்தது. இது வெறும் அசௌகரியம் அல்ல என்பதை முந்தைய ஆண்டே பிரீட்லவ் கண்டிருந்தார். 1996-ல் அதே பிளாக் ராக்கில், மணிக்கு 1,000 கி.மீ.க்கு மேல் போகையில் பக்கக்காற்றில் அவரது புதிய கார் ஒருபக்கமாகச் சாய்ந்து, பாலைவனத்தில் மிகப் பெரிய அரைவட்டமடித்துத் திரும்பி நின்றது. அவர் உயிர் தப்பினார்.

கல் பொறுக்கும் வேலை

1997 இலையுதிர் காலத்தில் பிளாக் ராக்கில் நடந்ததில் பெரும்பகுதி கூட்டிப் பெருக்கும் வேலைதான். வறண்ட ஏரியின் படுகை அது. கண்ணுக்கு எட்டிய தூரம் வெடித்த களிமண். குழுவினர் வரிசையாக நின்று, தலை குனிந்தபடி, கிலோமீட்டர் கணக்கில் நடந்து, தரையில் கிடக்கும் கற்களையும் பழைய குப்பைகளையும் பொறுக்கினார்கள். எஞ்சின் உறிஞ்சும் ஒரு சிறு கல் அதன் இறக்கைகளை நாசம் செய்துவிடும். ஒருமுறை ஓடிய தடத்தில் மறுபடி ஓட முடியாது, தரை பெயர்ந்துவிடும். ஆகவே பக்கத்தில் பக்கத்தில் பல தடங்களைச் சுத்தம் செய்து வைக்க வேண்டியிருந்தது.

அக்டோபர் 13-ல் கார் இருமுறையும் ஒலி வேகத்தைத் தாண்டியது. ஆனால் இரண்டாம் ஓட்டம் முடிந்தபோது ஒரு மணி நேரக் கெடு ஏறத்தாழ ஒரு நிமிட வித்தியாசத்தில் கடந்துபோயிருந்தது. சாதனை கணக்கில் ஏறவில்லை. அக்டோபர் 15-ல் எல்லாம் கூடி வந்தது. முதல் ஓட்டம் 759 மைல், திரும்பிய ஓட்டம் 766 மைல்; சராசரி 763.035 மைல், அதாவது 1,228 கி.மீ. அன்றைய குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகத்தைவிடக் கிட்டத்தட்ட 2 விழுக்காடு அதிகம். ஒரு மைலைக் கடக்க ஐந்து நொடிகூட ஆகவில்லை. அமெரிக்க விமானி சக் யேகர் முதன்முதலாக விமானத்தில் ஒலித் தடையைத் தாண்டி 50 ஆண்டும் ஒரு நாளும் ஆகியிருந்தன. பாலைவன ஓரத்துச் சிற்றூரான கெர்லாக்கில் அந்த இடிமுழக்கம் கேட்டது. அந்தச் சாதனை இன்றுவரை உடையவில்லை.

அடுத்த எல்லை

உடைக்க முயன்றவர்களும் பெரும்பாலும் இதே மனிதர்கள்தான். நோபிள், ஏயர்ஸ், கிரீன் மூவரும் 2008-ல் ‘பிளட்ஹவுண்ட்’ திட்டத்தை அறிவித்தார்கள். இலக்கு மணிக்கு 1,000 மைல், 1,609 கி.மீ. டைஃபூன் போர் விமானத்தின் ஜெட் எஞ்சினோடு ஒரு ராக்கெட்டும் சேர்ந்து தள்ள வேண்டும்.

இங்கே சக்கரம் மீண்டும் முன்னுக்கு வந்தது. 90 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் அந்த வேகத்தில் நிமிடத்துக்கு 9,500 சுற்றுக்கு அருகில் சுழலும். அதன் விளிம்பில் உள்ள ஒவ்வொரு கிராமும் சுமார் 45 கிலோ எடையாக வெளியே இழுக்கும். எந்த ரப்பரும் தாங்காது. அதனால் ‘திரஸ்ட் எஸ்.எஸ்.சி.’யைப் போலவே டயரே இல்லாத, திட அலுமினியச் சக்கரங்கள். 2017-ல் இங்கிலாந்தின் நியூகீ விமான ஓடுபாதையில் சோதித்தபோது மட்டும், தார்த் தரைக்காக, பழைய ‘லைட்னிங்’ போர் விமானத்தின் டயர்களை மாட்டினார்கள்.

அலுமினியச் சக்கரத்துக்கு ஏற்ற தரை வேண்டும்: உறுதியாகவும் இருக்க வேண்டும், கொஞ்சம் நெகிழவும் வேண்டும், 15 கி.மீ.க்கு மேல் தட்டையாகவும் இருக்க வேண்டும். உலகம் முழுக்கத் தேடி, தென்னாப்பிரிக்காவின் ஹாக்ஸ்கீன் பான் என்ற வறண்ட ஏரிப்படுகையைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே உள்ளூர் மக்கள் நூற்றுக்கணக்கில் வேலை செய்து 16,500 டன் கற்களைக் கையாலேயே அகற்றினார்கள். 2018-ல் பணம் தீர்ந்து திட்டம் திவாலாகும் நிலைக்குப் போனது. புதிய உரிமையாளர் வந்து காப்பாற்றினார். 2019 நவம்பரில் கார் ஜெட் எஞ்சினை மட்டும் வைத்து 1,010 கி.மீ. வேகத்தைத் தொட்டது. ராக்கெட் பொருத்தி அடுத்த கட்டத்துக்குப் போக மீண்டும் பணம் தேவைப்பட்டது; கார் காவெண்ட்ரியின் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இந்த வேகத்தால் ஊர்க் கார்களுக்கு என்ன பயன் என்று கேட்டால், நேரடியாக ஒன்றுமில்லை. கணினியில் போட்ட காற்றோட்டக் கணக்கை, ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஓட்டி, தரையை ஒட்டிய ஒலி வேகத்தில் சரிபார்த்ததுதான் இதில் கிடைத்த அறிவு. வேறு எந்த ஆய்வுக்கூடமும் அந்தச் சோதனையைச் செய்திருக்க முடியாது.

அடுத்து வரும் குழுவுக்கும் எஞ்சின் கிடைக்கும், வடிவத்தைக் கணக்கிடக் கணினி கிடைக்கும், ஓட்டத் துணிந்த விமானியும் கிடைப்பார். கிடைக்காமல் போகக்கூடியது தரை. எழுபதாண்டுகளுக்கு மேல் வேகப் பித்தர்கள் கூடிய போன்வில்லில் உப்புப் படலம் மெலிந்து வருகிறது; 2014-லும் 2015-லும் அங்கே நடக்க வேண்டிய வேக வாரமே தரை சரியில்லாமல் ரத்தானது. 1899-ல் பேட்டரியைத் தேடியவர்கள், 1927-ல் டயரைத் தேடியவர்கள், 1965-ல் எஞ்சினைத் தேடியவர்கள் எல்லோரும் தரையைச் சும்மா கிடைக்கும் பொருளாகத்தான் நினைத்தார்கள். 1,000 மைலைத் தொட நினைப்பவர் முதலில் வாங்க வேண்டியது நல்ல வரைபடமும், கல் பொறுக்க நூற்றுக்கணக்கான கைகளும்.